எஃப்.சி. பாஸ் ஆன சின்ன கார்... மலை இறங்கத் தயாரா?

“தம்பி, போன மாசம்தான் எஃப்.சி. போட்டது. இன்னும் அஞ்சு வருஷத்துக்கு வண்டியைப் பத்தி யோசிக்கவே வேண்டாம்.”

நீலகிரியில் பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் வசனம் இது. கோவையில் வேலை, அரவேணுவில் வீடு, வாரக் கடைசியில் ஊருக்கு வர ஒரு சின்ன கார் வேண்டும் என்று தேடும் இளைஞருக்கு இதைக் கேட்டதும் பாதிக் கவலை போய்விடும். அரசாங்கமே பார்த்து முத்திரை குத்திய வண்டிதானே!

ஆனால் அந்த முத்திரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது தெரிந்தால் கவலை வேறு இடத்துக்கு மாறும். சொந்த உபயோகத்துக்கான கார் இந்தியாவில் முதல் 15 ஆண்டுகள் எந்தத் தகுதிப் பரிசோதனையும் இல்லாமல் ஓடலாம். சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது. கோத்தகிரி சாலையில் தெரியும்.

அரவேணு சாலையில் அப்படி என்ன?

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். குஞ்சப்பனை சோதனைச் சாவடியைத் தாண்டி மேலே ஏறினால், கோத்தகிரிக்குச் சற்று முன்னால் வருவது அரவேணு. கோடை சீசனில் ஊட்டிக்கு ஏறும் வாகனங்களைக் குன்னூர் வழியாக விட்டு, இறங்கும் வாகனங்களைக் கோத்தகிரி வழியாகத் திருப்பி விடுவது வழக்கம். அதாவது சீசனில் அரவேணுவைக் கடக்கும் வெளியூர் வண்டிகளில் பெரும்பாலானவை இறங்கிக்கொண்டிருப்பவை. பிரேக்குக்கு வேலை அதிகம் உள்ள திசை அது.

கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே உயர வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். ஒரு சின்ன காரின் எடை முக்கால் டன், நாலு பேரும் பைகளும் சேர்ந்தால் ஒரு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் பொருள் ஒன்றரை கிலோமீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒரு கிலோவாட் ஹீட்டரை நான்கு மணி நேரம் ஓடவிட்டால் வரும் வெப்பம் அது. இன்ஜின் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளாவிட்டால், கிட்டத்தட்ட அத்தனையும் ஒரு மணி நேரத்துக்குள் நாலு சக்கரங்களின் பிரேக்குகளில் போய்ச் சேரும்.

அதனால்தான் மலைப்பாதைகளில் ‘இரண்டாவது கியரில் செல்லவும்’ என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அதனால்தான் நகரத்தில் பிரச்சினையே காட்டாத ஒரு பழைய கார், மலை இறங்கும்போது முதல் முறையாகத் தன் வயதைக் காட்டுகிறது.

எஃப்.சி. என்று நாம் சொல்வது எது?

பேச்சில் எல்லாவற்றையும் ‘எஃப்.சி.’ என்று சொல்லிவிடுகிறோம். சட்டத்தில் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, வாடகை, சரக்கு வாகனங்களுக்கான தகுதிச் சான்று. டாக்ஸி, வேன், தேயிலை ஏற்றும் பிக்அப், பஸ் எல்லாம் இதில் வரும். புது வண்டிக்கு இரண்டு ஆண்டுகள் விலக்கு. அதன்பின் எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, எட்டு வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் வண்டியைக் காட்டிச் சான்று வாங்க வேண்டும்.

இரண்டாவது, சொந்த வாகனத்தின் பதிவுப் புதுப்பிப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி, கார் அல்லது பைக்கின் ஆர்.சி. 15 ஆண்டுகள் செல்லும். அது முடியும்போது படிவம் 25-ல் விண்ணப்பித்து, வண்டியை ஆய்வுக்குக் காட்டி, ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். மறுபடியும் ஐந்து ஆண்டு, மறுபடியும் ஐந்து ஆண்டு என்று நீட்டிக்கொண்டே போகலாம். தமிழ்நாட்டில் 15 வயதான கார் கட்டாயம் ஓரங்கட்டப்பட வேண்டும் என்ற விதி இல்லை. டெல்லித் தலைநகர்ப் பகுதிக்கான வயது வரம்பை நாடு முழுக்க இருப்பதாக நினைத்துப் பலர் குழம்புகிறார்கள்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஒரே தொழிற்சாலையில் இருந்து வந்த இரண்டு சின்ன கார்கள். ஒன்றுக்கு மஞ்சள் போர்டு, இன்னொன்றுக்கு வெள்ளை போர்டு. முதல் 15 ஆண்டுகள் முடிவதற்குள் மஞ்சள் போர்டு காரை ஆய்வாளர் பத்து முறை பார்த்திருப்பார். வெள்ளை போர்டு காரை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார். இரண்டும் இறங்குவது ஒரே சாலையில்!

‘புகைச் சான்று எடுக்கிறோமே’ என்று கேட்கலாம். அது புகையை மட்டும் பார்க்கிறது. பிரேக், டயர், ஸ்டியரிங் பக்கம் அது திரும்புவதே இல்லை.

ஆய்வில் என்ன பார்க்கிறார்கள்?

மோட்டார் வாகன ஆய்வாளர் சேஸிஸ் எண், இன்ஜின் எண்ணைச் சரிபார்ப்பார். பிரேக், ஸ்டியரிங், விளக்குகள், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், டயர், கண்ணாடி, பாடியின் நிலை ஆகியவற்றைப் பார்ப்பார். வண்டியைக் கொஞ்சம் ஓட்டிப் பார்ப்பதும் உண்டு.

கண்ணாலும் அனுபவத்தாலும் செய்யும் சோதனைக்கு ஓர் எல்லை இருக்கிறது. அதைச் சரிசெய்யத்தான் தானியங்கிப் பரிசோதனை நிலையங்களுக்கான விதிகளை மத்திய அரசு 2021 செப்டம்பரில் கொண்டுவந்தது. அங்கே காரின் சக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றி, ஒவ்வொரு சக்கரத்திலும் பிரேக் எவ்வளவு விசையோடு பிடிக்கிறது என்று எந்திரம் அளக்கும். இடது பக்கம் நன்றாகப் பிடித்து, வலது பக்கம் மந்தமாகப் பிடித்தால் எண் காட்டிக்கொடுத்துவிடும். சஸ்பென்ஷன், ஸ்டியரிங் இணைப்புகளின் ஆட்டம், முகப்பு விளக்கின் கோணம், புகை எல்லாவற்றுக்கும் தனித்தனி எந்திரம் உண்டு. தோற்றால் மறுபரிசோதனை கேட்கலாம். அதிலும் தோற்றால் ‘ஆயுள் முடிந்த வாகனம்’ என்று அறிவிக்கப்படும்.

எந்த முறையாக இருந்தாலும் ஒரு விஷயம் மாறாது. சோதனை நடப்பது குளிர்ந்த பிரேக்கோடு, சமதளத்தில், சில நிமிடங்கள். தொடர்ந்து அரை மணி நேரம் இறங்கிச் சூடான பிரேக் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்தச் சோதனை கேட்பதில்லை. சான்று என்பது அந்த நாளின் நிலவரம். ஐந்து ஆண்டுகளுக்கான உத்தரவாதம் அல்ல.

புதுப்பிக்க எவ்வளவு ஆகும்?

15 வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய்தான் கட்டணம். 2022 ஏப்ரல் 1 முதல் அது 5,000 ரூபாய் ஆனது. தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிக்கையின்படி, 20 வயது தாண்டிய காருக்கு 10,000 ரூபாய். தமிழ்நாட்டில் பசுமை வரியும் தனியாக உண்டு. இதோடு ஆய்வுக்கு முன் பெயின்ட், டயர், சில்லறை வேலைகள் என்று ஒர்க் ஷாப் செலவு சேரும்.

‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டால் என்ன ஆகும்? ஆர்.சி. காலாவதியான காரைச் சாலையில் எடுக்கவே கூடாது. அபராதத்தை விடப் பெரிய சிக்கல் இன்ஷூரன்ஸில் வரும். தற்காலிகப் பதிவு முடிந்துபோன ஒரு வாகனம் திருடு போன வழக்கில், செல்லுபடியாகும் பதிவு இல்லாததால் இழப்பீட்டை மறுத்தது சரியே என்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரீமியம் கட்டியிருப்பது மட்டும் போதாது.

பழுது அதிகமென்றால் வண்டியைப் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் ஒப்படைப்பது இன்னொரு வழி. அங்கே தரும் ஒப்படைப்புச் சான்றைக் காட்டிப் புது சொந்த வாகனம் வாங்கும்போது சாலை வரியில் 25 சதவீதம் வரை மாநிலங்கள் சலுகை தர மத்திய விதி இடம் கொடுக்கிறது.

வெளிநாட்டில் எப்படி?

பிரிட்டனில் எம்.ஓ.டி. என்ற ஆய்வு 1960-ல் தொடங்கியது. முதலில் பத்து வயது தாண்டிய கார்களுக்கு மட்டும். 1967-லிருந்து மூன்று வயதிலேயே தொடங்கிவிடுகிறது, அதன்பின் ஆண்டுதோறும். கணக்குப் போட்டால், 15 வயதுக்குள் ஒரு கார் 12 முறை ஆய்வுக்குப் போயிருக்கும். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் மூன்று வயதில் முதல் ஆய்வு, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை.

இதைவிட முக்கியமான வித்தியாசம், முடிவுகளை அங்கே வெளியிடுகிறார்கள். பிரிட்டனில் உரிமையாளர் விவரம் இல்லாமல் ஆய்வு முடிவுகளை அரசே பொதுவில் வைக்கிறது. நம்பர் பிளேட் எண்ணைப் போட்டால் அந்தக் காரின் பழைய ஆய்வு முடிவுகளும் ஓடிய தூரமும் வந்துவிடும். ஜெர்மனியில் எந்த மாடல், எந்த வயதில், எத்தனை சதவீதம் குறைகளோடு வந்தது என்று ‘டியூவ் ரிப்போர்ட்’ ஆண்டுதோறும் பட்டியல் போடுகிறது. பழைய கார் வாங்குகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் பேரம் பேசுவார்கள்.

பிரிட்டனில் நான்கில் ஒரு காருக்கு மேல் முதல் முயற்சியில் ஆய்வில் தோற்கிறது. காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. விளக்கு, சஸ்பென்ஷன், பிரேக், டயர். அதாவது, ஆண்டுதோறும் பார்க்கும் ஊரிலேயே இத்தனை குறை தென்படுகிறது. 15 ஆண்டுகள் யாரும் பார்க்காத ஊரில்?

நம்மிடம் மாடல் வாரியான ஆய்வு முடிவுகள் மக்கள் பார்க்கும்படி வெளியாவதில்லை. ‘இந்த கார் நம்பி எடுக்கலாம்’ என்பது இங்கே பெரும்பாலும் பக்கத்து வீட்டு அண்ணனின் அனுபவம், மெக்கானிக்கின் சொல், யூடியூப் வீடியோ. மூன்றிலும் உண்மை இருக்கலாம். எதிலும் கணக்கு இல்லை.

அப்படியானால் எதை நம்புவது?

நம்பத்தகுந்த பொதுத் தகவல்கள் சில இருக்கின்றன.

முதலாவது, ரீகால். உற்பத்திக் குறை இருந்தால் நிறுவனமே வண்டியைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தருவது. 2022 அக்டோபரில் மாருதி நிறுவனம் வேகன் ஆர், செலெரியோ, இக்னிஸ் கார்களில் 9,925-ஐத் திரும்ப அழைத்தது. காரணம், பின் பிரேக் தொகுப்பில் உள்ள ஒரு பின்னில் குறை இருக்கலாம் என்ற சந்தேகம். 2023 ஜூலையில் எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வாகனங்கள் 87,599-ஐ ஸ்டியரிங் டை ராடு குறைக்காக அழைத்தது. ரீகால் வந்த மாடல் மோசம் என்று அர்த்தம் இல்லை. குறையைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள் என்றுதான் அர்த்தம். ஆனால் நீங்கள் வாங்கப்போகும் கார் அந்தப் பட்டியலில் இருந்து, பழைய ஓனர் அதைக் காட்டாமலே விட்டிருந்தால் குறை இன்னும் வண்டியிலேயே இருக்கலாம். சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் தெரிந்துவிடும்.

இரண்டாவது, தயாரான ஆண்டு. 2019 ஏப்ரலில் இருந்து விற்பனையாகும் எல்லா கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். அதே ஆண்டு ஜூலையில் இருந்து ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அதற்கு முந்தைய சின்ன கார்களின் விலை குறைந்த வேரியன்ட்களில் இவை இரண்டுமே இல்லாமல் இருப்பது சகஜம். ஈரச் சாலை வளைவில் திடீரென்று பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது ஏ.பி.எஸ்.தான். மூடுபனியும் சாரலும் நிறைந்த அரவேணுப் பக்கம் ஓட்டுகிறவருக்கு 2018 மாடலுக்கும் 2019 மாடலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வயது மட்டும் அல்ல.

1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற மாருதி 800-ஐ இன்றும் மலையில் பார்க்கலாம். எடை குறைவு, பழுது பார்ப்பது சுலபம், எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த வண்டி. நம்பகத்தன்மை என்பதில் அது வாங்கிய பெயர் நியாயமானது. ஆனால் ‘நடுவழியில் நிற்காது’ என்பதும் ‘நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்கும்’ என்பதும் வேறு வேறு. மலையில் இரண்டாவதுதான் உயிர்.

மூன்றாவது, எம்-பரிவாகன் செயலி. ஆர்.சி. எதுவரை செல்லும், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று நிலவரம் எல்லாம் வண்டி எண்ணைப் போட்டால் வந்துவிடும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இரண்டு நிமிடம் செலவழித்தால் போதும்.

நீங்களே வைக்கும் எஃப்.சி.

சட்டம் 15-வது வயதில்தான் கேட்கும். மலைச் சாலை ஒவ்வொரு வாரமும் கேட்கும். ஆண்டுக்கு ஒருமுறை, சீசனுக்கோ மழைக்கோ முன்னால், தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியை விட்டு இவற்றை மட்டுமாவது பார்க்கச் சொல்லலாம்.

பிரேக் ஆயில்: மறக்கப்படுவதில் முதல் இடம் இதற்குத்தான். இது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய நிலையில் அதே ஆயிலுக்கான அளவு 140 டிகிரிதான். டாட் 4-க்கு 230, 155. நீண்ட இறக்கத்தில் சூடேறி ஆயில் கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழ்கள் உண்டாகும். பெடல் ‘பொதுக்’கென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். செலவு ஒரு நல்ல ஹோட்டல் சாப்பாட்டுக் கணக்குதான். கம்பெனி சொன்ன கிரேடையே போடுங்கள்.

பேட், டிஸ்க், டிரம்: சின்ன கார்களில் பொதுவாக முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். முன் பேட் தேய்ந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். பின் டிரம்முக்குள் லைனிங் தேய்ந்தது, வீல் சிலிண்டர் கசிவது எல்லாம் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். ஈரமான ஊரில் ஹேண்ட் பிரேக் கேபிள் துருவேறி இறுகுவதும் உண்டு.

டயர்: காருக்குக் குறைந்தபட்சப் பள்ளம் 1.6 மில்லிமீட்டர். டயர் பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சின்னக் கட்டைகள் மேல்பரப்போடு சமமாகிவிட்டால் மாற்றும் நேரம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் தயாரானது. பள்ளம் நிறைய இருந்தாலும், வயதாகி வெடிப்பு விட்ட டயர் மலைக்கு ஆகாது. ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.

கீழ்ப்பாகம்: டை ராடு, பால் ஜாயின்ட், புஷ், பிரேக் பைப்பின் துரு. வண்டியை லிஃப்டில் ஏற்றினால் பத்து நிமிட வேலை. கிளட்ச் பிளேட் வழுக்குகிறதா என்பது அரவேணு ஏற்றத்தில் ஒருமுறை நிறுத்தி எடுத்தாலே தெரிந்துவிடும்.

விளக்கு, வைப்பர்: மூடுபனியில் நீங்கள் பார்ப்பதைவிட, எதிரே வருகிறவர் உங்களைப் பார்ப்பது முக்கியம். பின்பக்க விளக்குகளும் எரிகின்றனவா என்று இன்னொருவரை நிற்கவைத்துப் பாருங்கள்.

வண்டி சரி... ஓட்டுவது?

நன்றாகப் பராமரித்த காரையும் ஒரே இறக்கத்தில் கெடுத்துவிடலாம். மலைக்காரர்கள் சொல்லும் விதி எளிது: ‘ஏறுன கியர்லயே இறங்கு.’ இன்ஜின் வண்டியைப் பிடித்து வைத்திருக்கும்; பிரேக் வளைவுக்கு மட்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இன்ஜினை அணைப்பது நேரடி ஆபத்து. இன்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டருக்கு உதவி நிற்கும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

ஏ.எம்.டி. கார் வைத்திருப்பவர்கள் மேனுவல் மோடுக்கு மாற்றிக் கியரைக் குறைத்துக்கொள்ளலாம். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரால் வண்டியைப் பிடித்து வைத்தால் கிளட்ச் கருகும், பிரேக்கைப் பயன்படுத்துங்கள். மின்சார கார் என்றால் மேலே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்க ஆரம்பிக்காதீர்கள். பேட்டரியில் இடம் இல்லாவிட்டால், இறக்கத்தில் மின்சாரத்தைத் திரும்பச் சேமித்து வேகத்தைக் குறைக்கும் வசதி சரியாக வேலை செய்யாது.

எரியும் வாடை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்று போகக் கூடாது. அகலமான இடத்தில் ஒதுக்கி நிறுத்தி, ஆறவிட்டுக் கிளம்ப வேண்டும். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இப்போது மறுபடியும் அந்த வசனத்துக்கு வருவோம். “போன மாசம்தான் எஃப்.சி. போட்டது” என்று விற்பவர் சொன்னால் நல்லதுதான். ஆர்.சி. செல்லும் என்று அதற்கு அர்த்தம். அதற்கு மேல் தெரிந்துகொள்ள வாங்குபவர் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: “அண்ணா, பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்துனீங்க?”

பில்லை எடுத்துக் காட்டினால் மேலே பேசலாம். “அதெல்லாம் மாத்துவாங்களா தம்பி?” என்று பதில் வந்தால், விலை படிந்தாலும் காரை நேராக மெக்கானிக் ஷெட்டுக்கு விடுங்கள். மலை இறங்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.